வயலுக்கு ஓர் அட்டை, வீட்டுக்கு ஓர் அட்டை

எந்தச் செலவுக்கு எந்த கார்டைத் தேய்த்தால் லாபம்? பொன்னேரி வட்டாரக் குடும்பங்களுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் ஒரே வீட்டுக்குள் இரண்டு பொருளாதாரம் நடக்கிறது. அப்பா ஆரணி ஆற்றுப் பாசனத்தில் சம்பா நெல் வைத்திருப்பார். அம்மா இரண்டு கறவை மாடுகளைப் பார்த்துக்கொள்வார். மகனோ மகளோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ மணலி, காட்டுப்பள்ளி பக்கமோ ஷிப்ட் வேலைக்குப் போவார்கள். வயல் வரவு அறுவடைக்கு அறுவடைதான். பால் பணம் வாரத்துக்கு ஒரு முறை, சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை.

இப்படிப்பட்ட வீட்டில் இன்று குறைந்தது மூன்று அட்டைகள் இருக்கின்றன. அப்பாவிடம் கிசான் கிரெடிட் கார்டு என்ற உழவர் கடன் அட்டை, எல்லோரிடமும் சேமிப்புக் கணக்கின் ஏடிஎம் கார்டு, மகனிடம் சம்பளக் கணக்கைக் காட்டி வாங்கிய கிரெடிட் கார்டு. போதாததற்கு, "இந்த கார்டில் பெட்ரோலுக்கு தள்ளுபடி, அந்த கார்டில் மளிகைக்கு கேஷ்பேக்" என்று போனில் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது.

எந்த கார்டு அதிகம் தரும், இரண்டு மூன்று கார்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டால் எவ்வளவு மிச்சமாகும் என்று இளைஞர்கள் கணக்குப் போடுகிறார்கள். நல்ல கேள்விதான். விவசாயக் குடும்பம் அந்தக் கணக்கைப் போடும்போது உழவர் கடன் அட்டையையும் சேர்த்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால் விடை வேறாக வருகிறது.

இரண்டும் ஒரே மாதிரி தெரியும் அட்டைகள்

உழவர் கடன் அட்டைத் திட்டம் ஆர்.வி. குப்தா குழுவின் பரிந்துரைப்படி 1998-ல் தொடங்கியது. அதற்கு முன்பு ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக மனு, புதிதாகப் பத்திரம். ஒரு முறை வரம்பு நிர்ணயித்துவிட்டால், அதற்குள் எடுப்பதும் கட்டுவதுமாக இருக்கலாம் என்ற வசதி அப்போதுதான் வந்தது. 2012-ல் திட்டம் திருத்தப்பட்டு, ஏடிஎம்மிலும் கடையிலும் பயன்படுத்தும் அட்டையாக மாறியது. 2018-19-ல் கால்நடை வளர்ப்போருக்கும் மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதனால் பழவேற்காட்டு மீனவக் குடும்பமும் இன்று இதைக் கேட்டுப் பெறலாம்.

கடையில் தேய்க்கும் கிரெடிட் கார்டு வேறு வழியில் வந்தது. ரூபே நிறுவன கிரெடிட் கார்டுகளை 2022 முதல் யுபிஐ செயலியில் இணைக்கலாம் என்றானபின், பெட்டிக்கடை வரை அது நுழைந்துவிட்டது.

இரண்டு அட்டையிலும் அதே ரூபே முத்திரை, அதே அளவு, அதே நாலு இலக்க ரகசிய எண். இரண்டின் பெயரிலும் "கிரெடிட்" இருக்கிறது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அவசரத்துக்குக் கையில் கிடைத்த அட்டையை எடுத்துக்கொண்டு ஏடிஎம்முக்குப் போகிறார்கள்.

அறுவடை நாளில் 10,000 ரூபாய்

தை மாதம். நெல் சாய்ந்துவிடும் நிலை. அறுவடை இயந்திரக்காரர் ரொக்கமாகக் கேட்கிறார். கையில் பணம் இல்லை. 10,000 ரூபாய் எடுக்க வேண்டும். நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏற ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

மகனின் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் என்ன ஆகும்? பெரும்பாலான வங்கிகள் ரொக்கம் எடுக்க இரண்டரை சதவீதம், குறைந்தது 500 ரூபாய் என்று கட்டணம் வைத்திருக்கின்றன. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 590 ரூபாய். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 350 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 63 ரூபாய். மொத்தம் 1,003 ரூபாய்.

அதே 10,000 ரூபாயை அப்பாவின் உழவர் கடன் அட்டையில் வரம்புக்குள் எடுத்திருந்தால், ஆண்டுக்கு 7 சதவீத வட்டிப்படி ஒரு மாதத்துக்கு 58 ரூபாய்.

ஒரே நாள், ஒரே ஏடிஎம், ஒரே தொகை. ஓர் அட்டைக்கு 1,003 ரூபாய், இன்னோர் அட்டைக்கு 58 ரூபாய். மகன் ஆண்டு முழுக்க மளிகை வாங்கிச் சேர்த்த கேஷ்பேக்கில் பெரும்பகுதி இந்த ஒரு தடவையிலேயே போய்விடும்.

ஆனால் அறுவடை நாளில் உழவர் கடன் அட்டையில் பணம் இருக்க வேண்டுமே! பலர் வரம்பு கிடைத்த அன்றே முழுத் தொகையையும் எடுத்துவிடுகிறார்கள். எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி. எடுக்காமல் வைத்திருக்கும் வரம்புக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. நாற்றங்காலுக்கும் நடவுக்கும் ஒரு பங்கு, மேலுரத்துக்கும் களைக்கும் ஒரு பங்கு, அறுவடைக்கு ஒரு பங்கு என்று பிரித்து எடுத்தால் வட்டியும் குறையும், அவசரத்துக்குக் கையும் காயாது. கூட்டுறவுச் சங்கத்தில் கடனின் ஒரு பகுதி உரமாகவும் கிடைக்கும் என்பதால், ரொக்கப் பகுதியை இப்படித் திட்டமிடுவது இன்னும் அவசியம்.

வரம்பு எப்படி வருகிறது?

ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழில்நுட்பக் குழு கூடி, பயிர்வாரியாக ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையை நிலப்பரப்பால் பெருக்க வேண்டும். அதோடு அறுவடைக்குப் பிந்தைய செலவு மற்றும் வீட்டுத் தேவைக்காக 10 சதவீதமும், பண்ணைக் கருவிகள் பழுதுபார்ப்புக்காக 20 சதவீதமும் சேரும். பயிர்க் காப்பீட்டுப் பிரிமியம் தனி.

கணக்குக்காக ஏக்கருக்கு 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கருக்கு 70,000. வீட்டுத் தேவைக்கு 7,000, பழுதுபார்ப்புக்கு 14,000. ஆக முதலாண்டு வரம்பு 91,000 ரூபாய். அட்டை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆண்டுக்கு 10 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாம் ஆண்டில் சுமார் 1,33,000 ரூபாய்.

இந்த 10 சதவீதத்தையும் 20 சதவீதத்தையும் பலர் அறிவதே இல்லை. மோட்டார் காயில் எரிந்துவிட்டால் கிரெடிட் கார்டில் தவணை போடுகிறார்கள். உழவர் கடன் அட்டையின் வரம்பிலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை நிலத்தையோ நகையையோ அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அதற்கு முன்பு இது 1,60,000 ரூபாயாக இருந்தது.

தேதிக்குக் கிடைக்கும் பரிசு

உழவர் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். குறித்த தேதிக்குள் திருப்பிக் கட்டினால் அதில் 3 சதவீதத்தை மத்திய அரசு தள்ளுபடி செய்கிறது. ஆக 4 சதவீதம்தான். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அந்தச் சுமையை அரசு ஏற்கிறது. கால்நடை, மீன் வளர்ப்புக்கான நடைமுறை மூலதனக் கடனுக்கு 2 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசின் வட்டிச் சலுகை உண்டு.

இனி இரண்டு பரிசுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வயல்: 70,000 ரூபாய் பயிர்க்கடன், ஓர் ஆண்டு. 7 சதவீதப்படி வட்டி 4,900 ரூபாய். வங்கியில் தேதிக்குள் கட்டினால் 2,800 போதும். மிச்சம் 2,100 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்தில் தேதிக்குள் கட்டினால் மிச்சம் முழு 4,900 ரூபாய்.

வீடு: மளிகை, மின்கட்டணம், போன், பெட்ரோல், மருந்து, துணி எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாயை கிரெடிட் கார்டில் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண கார்டுகள் தருவது சுமார் ஒரு சதவீதம். மாதம் 120, ஆண்டுக்கு 1,440 ரூபாய். பெட்ரோல், வாடகை, வாலட்டில் ஏற்றும் பணம் ஆகியவற்றுக்குப் பல கார்டுகளில் பாயின்ட் கிடையாது என்பதால் கைக்கு வருவது இதிலும் குறையும்.

இரண்டு கார்டுகளை வைத்து, எந்தக் கடைக்கு எது என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்து, சராசரியாக 2 சதவீதம் எடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கூடுதலாகக் கிடைப்பது இன்னொரு 1,440. இரண்டாவது கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90 போனால் 850 ரூபாய் மிச்சம்.

கேஷ்பேக் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. 1,440 ரூபாயும் பணம்தான். ஆனால் வயல் அட்டையின் தேதியைக் காப்பாற்றுவதுதான் அந்த வீட்டின் முதல் கேஷ்பேக். அதைக் கோட்டைவிட்டு மளிகைக் கடையில் ஒரு சதவீதம் தேடுவது, மடை உடைந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது குடத்தில் மொண்டு ஊற்றுவது போல.

தேதி தவறினால்

தமிழ்நாட்டில் 2006-லும் 2016-லும் 2021-லும் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி ஆயின. 2021 அறிவிப்பில் மட்டும் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய். நெருக்கடியில் இருந்தவர்களுக்கு அது பெரிய உதவி. அதே நேரத்தில், "அடுத்த தள்ளுபடி வரும், கட்டாமல் இருப்போம்" என்ற பேச்சும் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் ஊரில் கிளம்புகிறது. 2006-க்கும் 2016-க்கும் இடையே பத்து ஆண்டுகள், 2016-க்கும் 2021-க்கும் இடையே ஐந்து ஆண்டுகள் என்பதை அப்படிப் பேசுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தேதி தவறினால் வட்டிச் சலுகை போவதோடு நிற்காது. கடன் நிலுவையில் இருக்கும்போது அடுத்த பருவத்துக்குப் புதுக்கடன் கிடைக்காது. ஆடி ஆவணியில் நாற்று விட்டுவிட்டு, நடவுக் கூலிக்கு எங்கே போவது? அப்போதுதான் மகனின் கிரெடிட் கார்டோ வட்டிக்கடையோ கண்ணில் படும். வயலில் போடும் பணத்துக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி கட்டி, நெல்லில் அதை எடுக்க முடியாது.

வெள்ளமோ புயலோ வந்து பயிர் போய்விட்டால்? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அரசு இயற்கைப் பேரிடர் என அறிவிக்கும்போது, குறுகிய காலப் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றியமைக்க விதி இருக்கிறது. தேதி முடிவதற்குள் கிளைக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். 2020 முதல் இது கட்டாயம் இல்லை, விருப்பம்தான். கடன் வாங்கினால் தானாகவே பிடித்துவிடுவார்கள் என்று நம்பி இருந்துவிடாமல், பிரிமியம் பிடிக்கப்பட்டதா என்று கேட்டு ரசீது வாங்க வேண்டும்.

ஊர்க் கணக்கில் கார்டு வட்டி

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி. மூன்று வட்டி என்றால் ஊரில் முகம் சுளிப்பார்கள். கிரெடிட் கார்டு பில்லைக் கட்டாமல் விட்டால் ஓடுவது மூன்றரை வட்டி. ஆண்டுக்கு 42 சதவீதம். வங்கியைப் பொறுத்து 36 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது நியாயமற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆக உச்சவரம்பு என்று எதையும் நம்பி இருக்க முடியாது.

முழு பில்லையும் தேதிக்குள் கட்டுகிறவருக்கு இந்த வட்டி கிடையாது. 20 முதல் 50 நாட்கள் வரை பணம் இலவசமாகச் சுழல்கிறது. அவர்களுக்கு மட்டும்தான் கேஷ்பேக் லாபம்.

ஒரு முறை 12,000 ரூபாயைக் கட்டாமல் ஒரு மாதம் விட்டால் வட்டி 420, ஜிஎஸ்டி 76, ஆக 496 ரூபாய். நான்கு மாத கேஷ்பேக் போயிற்று. தாமதக் கட்டணம் தனி. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி விழும்.

பாக்கி 40,000 ரூபாய் ஆகிவிட்டது, மாதம் 2,000 கட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால்? வட்டியும் ஜிஎஸ்டியும் மட்டும் 1,652 ரூபாய். கட்டிய 2,000-ல் அசலில் குறைவது 348 ரூபாய்தான். இந்த நிலையில் இருப்பவர்கள் வெட்கப்படாமல் வங்கியில் நகைக்கடன் வாங்கி கார்டை அடைப்பது நல்லது. வட்டி பல மடங்கு குறையும்.

மூன்று அட்டை, மூன்று வேலை

இந்தக் கணக்குகளை வைத்துப் பார்த்தால், வயலும் சம்பளமும் சேர்ந்த குடும்பத்துக்குப் பொருத்தமான சேர்க்கை இது.

1. உழவர் கடன் அட்டை: விதை, உரம், உழவு, நடவு, களை, அறுவடை, மோட்டார் பழுது, மாட்டுத் தீவனம். வயல் தொடர்பான ரொக்கத் தேவைக்கும் இதுதான். நெல் பணம் வந்தவுடன் முதலில் இதை அடைக்க வேண்டும்.

2. ஏடிஎம் கார்டும் யுபிஐயும்: கையில் இருக்கும் பணத்துக்கு. கடைக்காரர் கிரெடிட் கார்டுக்கு 2 சதவீதம் கூடுதலாகக் கேட்டால் உடனே இதற்கு மாறிவிட வேண்டும். ஒரு சதவீதம் பரிசுக்காக 2 சதவீதம் கொடுப்பது நஷ்டம். உரக்கடை, உதிரிபாகக் கடைகளில் இது அடிக்கடி நடக்கிறது.

3. ஆண்டுக் கட்டணம் இல்லாத ஒரே ஒரு கிரெடிட் கார்டு: சம்பளம் வாங்குபவர் பெயரில். மாதாமாதம் எப்படியும் வரும் செலவுகளுக்கு மட்டும். ரூபே கார்டாக இருந்தால் யுபிஐயில் இணைத்து ஊர்க்கடையிலும் பயன்படுத்தலாம். சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை என்பதால் அவர்களும் மறுக்க மாட்டார்கள்.

கட்ட வேண்டிய தேதி சம்பளத்துக்குப் பிறகு வருமாறு அமைத்துக்கொள்வது முக்கியம். பில் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி எழுதிக் கொடுத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. படிவத்தில் "குறைந்தபட்சத் தொகை" என்ற கட்டத்தில் டிக் செய்துவிடக் கூடாது.

பெட்ரோல் கார்டு தேவையா?

பொன்னேரியிலிருந்து சிப்காட்டுக்கு பைக்கில் போகும் இளைஞர் மாதம் 1,500 ரூபாய்க்கு பெட்ரோல் போடுவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார்டு 4 சதவீதம் தந்தால் மாதம் 60, ஆண்டுக்கு 720 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 590 போனால் மிச்சம் 130 ரூபாய். அதிலும், கூடுதல் கட்டணத் தள்ளுபடி பல கார்டுகளில் ஒரே தடவையில் 400 அல்லது 500 ரூபாய்க்கு மேல் போட்டால்தான் கிடைக்கும். பைக்குக்கு 200, 300 என்று போடுபவருக்கு அது எட்டாது.

கீரை, பூ, காய்கறி, பால் ஏற்றிக்கொண்டு தினமும் சென்னைக்கு வண்டி ஓட்டுபவர் கதை வேறு. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் டீசல் போடுபவருக்கு இரண்டாவது கார்டு பிரயோஜனப்படலாம். மாதத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு பரிசு என்ற உச்சவரம்பை மட்டும் முதலில் கேட்க வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஒரு பாயின்ட் என்றால் ஒரு ரூபாய் என்று நினைப்பவர்கள் அதிகம். பல கார்டுகளில் ஒரு பாயின்ட் 25 பைசாதான். "நூற்றுக்கு நாலு பாயின்ட்" என்பது நூற்றுக்கு ஒரு ரூபாய். பாயின்டைப் பொருளாகவோ பணமாகவோ மாற்ற 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கும் வங்கிகள் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் மாற்றாவிட்டால் காலாவதியாகும். "ஆண்டுக்கு ஒரு லட்சம் செலவழித்தால் கட்டணம் இல்லை" என்றால், அந்த ஒரு லட்சம் நம் வீட்டில் இயல்பாக ஆகும் செலவா என்று பார்க்க வேண்டும். கட்டணத்தைத் தவிர்க்கத் தேவையில்லாத பொருளை வாங்குவதில் மிச்சம் எதுவும் இல்லை.

கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கார்டை முடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்தால், பாக்கி இல்லாதபட்சத்தில் ஏழு வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். வங்கி ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் விவரம் கேட்கலாம். "உங்கள் கார்டு முடங்கிவிட்டது, ஓடிபி சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

*கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கிறது. அதே நிலத்துக்கு வங்கியிலும் உழவர் கடன் அட்டை வாங்கலாமா?*

ஒரே நிலத்துக்கு, ஒரே பயிருக்கு இரண்டு இடத்தில் வாங்கக் கூடாது. வங்கி கடனில்லாச் சான்று கேட்கும். தேதிக்குள் கட்டக்கூடியவருக்கு, வட்டியே இல்லாததால் சங்கம் லாபம். சங்கத்தில் தேவையான தொகை கிடைக்காதபோது வங்கியை யோசிக்கலாம்.

*குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறேன். எனக்குக் கிடைக்குமா?*

குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகைதாரர், பங்குதாரர் எல்லோருக்கும் திட்டத்தில் இடம் உண்டு. தனியாகவோ கூட்டுப் பொறுப்புக் குழுவாகவோ கேட்கலாம். பயிர் செய்வதற்கான அடங்கலை கிராம நிர்வாக அலுவலரிடம் பெற வேண்டும். சொந்த நிலத்துக்கு சிட்டா, அடங்கல், ஆதார், புகைப்படம். எல்லா ஆவணமும் கொடுத்தபின் இரண்டு வாரங்களுக்குள் அட்டை வழங்க வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். 3 லட்சம் ரூபாய் வரை பரிசீலனைக் கட்டணம் வாங்க வேண்டாம் என்றும் வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

*மகன் கிரெடிட் கார்டு பாக்கி வைத்திருக்கிறான். அது என் பயிர்க்கடனைப் பாதிக்குமா?*

கார்டு மகன் பெயரில் மட்டும் இருந்தால் அவருடைய சிபில் மதிப்பெண்தான் குறையும். உங்கள் பெயரில் வாங்கியிருந்தால், அல்லது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்களுக்கும் பாதிப்பு. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். பயிர்க்கடனை அடைத்தும் அது பாக்கி என்று காட்டினால், அடைத்த ரசீதுடன் கிளைக்குப் போய்த் திருத்தச் சொல்லலாம்.

*உழவர் கடன் அட்டையின் 3 லட்சம் வரம்பு 5 லட்சம் ஆகிவிட்டதா?*

வட்டிச் சலுகைக்கான வரம்பை 5 லட்சமாக உயர்த்துவதாக 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கிளையில் நடைமுறையில் உள்ள வரம்பைக் கேட்டுக்கொண்டு அதன்படி எடுப்பது பாதுகாப்பு. 3 லட்சத்துக்கு மேல் எடுத்துவிட்டு, மொத்தத்துக்கும் 4 சதவீதம் என்று நினைத்திருந்தால் வட்டி பில்லைப் பார்க்கும்போது அதிர்ச்சியாக இருக்கும்.

*கட்டவேண்டிய தேதி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?*

பயிரின் காலத்தைப் பொறுத்து அது மாறும். 3 சதவீதச் சலுகை அதிகபட்சம் ஓர் ஆண்டுக்குத்தான். கடன் வாங்கும் அன்றே பாஸ்புத்தகத்தில் தேதியை எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு 15 நாள் முன்பு ஒரு வட்டம் போட்டு வையுங்கள். மகனின் போனிலும் நினைவூட்டல் வைக்கச் சொல்லுங்கள். கொள்முதல் பணம் வரத் தாமதமானால், அந்தப் பதினைந்து நாளில் பால் பணத்தையோ சம்பளத்தையோ கைமாற்றிக் கடனை அடைத்துவிட்டு, நெல் பணம் வந்ததும் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம்.